முகத்தைப் படிக்கும் பெட்டியும் கையடக்க லென்சும்: பாளையங்கோட்டைத் தோல் பரிசோதனை மையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

திருநெல்வேலியில், பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டை வரை கடந்த சில ஆண்டுகளில் தோல் மருத்துவ மையங்கள் பெருகிவிட்டன. முன்பு மருத்துவரின் பெயரும் பட்டமும் மட்டும் எழுதப்பட்ட சிறு பலகை இருந்த வாசல்களில், இப்போது ‘டிஜிட்டல் தோல் பரிசோதனை’, ‘செயற்கை நுண்ணறிவு முகப் பகுப்பாய்வு’ என்று விளக்குப் பலகைகள் எரிகின்றன. அத்தகைய மையம் ஒன்றுக்கு, முக்கூடலிலிருந்து வந்திருந்த என் அத்தையை அழைத்துச் சென்றேன். அவருக்கு இடுப்பில் நெடுநாளாக ஆறாத படை; எனக்கு உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. இருவருமாக அங்கே கிடைக்கும் பரிசோதனைகள் அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். மையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குறையாகச் சொல்ல வேண்டியவை சில உள்ளன, அவை அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவையாகவும் தோன்றவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் செய்யப்படும் பரிசோதனைகளே கொடுத்த காசுக்கு முழுப் பயன் தருகின்றன. மிக அதிகக் கட்டணம் வாங்கப்படும் பரிசோதனை, நம் தோலைப் பற்றி நமக்குச் சொல்வதைவிட, அடுத்து என்ன வாங்க வேண்டும் என்பதையே அதிகம் சொல்கிறது.

மையம் துப்புரவாக இருக்கிறது. படியேற முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு. மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய். டெர்மோஸ்கோப் என்னும் கருவியால் பார்த்துப் படமெடுக்க 300 ரூபாய். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க 150 ரூபாய். முகப் பகுப்பாய்வுக்கு மட்டும் 1,800 ரூபாய். வரவேற்பில் இருக்கும் பெண், வந்தவர் எதற்காக வந்தார் என்று கேட்பதற்கு முன்பே இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் எடுத்துச் சொல்கிறார். அத்தை முகத்தை அல்ல, இடுப்பைக் காட்ட வந்தவர் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பரிசோதனையை எனக்குச் செய்யச் சொன்னேன்.

கருவி ஒரு வெள்ளைப் பெட்டி. கண் மருத்துவமனையில் இருப்பதுபோல் தாடையை வைக்க ஒரு தாங்கி இருக்கிறது. முகத்தை உள்ளே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், முதலில் வெள்ளை ஒளி, அடுத்து பளபளப்பை நீக்கிக் காட்டும் முனைவாக்க ஒளி, கடைசியாக ஊதா நிறத்தில் புற ஊதா ஒளி என அடுத்தடுத்து மின்னி, சில நொடிகளில் படங்கள் திரைக்கு வந்துவிடுகின்றன. புற ஊதாப் படத்தில் என் மூக்கின் இருபுறமும் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன. இதில் பொய் ஏதும் இல்லை. முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா, மயிர்க்கால்களுக்குள் போர்ஃபிரின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்குகிறது. புற ஊதா ஒளி பட்டால் அது அந்த நிறத்தில் ஒளிர்கிறது. மேல்தோலில் இருக்கும் நிறமிக் கறைகளும், வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெளிவாக இந்த ஒளியில் தெரியும். இவை பழைய, நன்கு சோதிக்கப்பட்ட உண்மைகள்.

சிக்கல் அதன்பின் தொடங்குகிறது. கருவி அந்தப் படங்களை மதிப்பெண்களாக மாற்றுகிறது. சுருக்கத்துக்கு ஒரு மதிப்பெண், துளைகளுக்கு ஒன்று, ‘நீரேற்ற’த்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ‘தோல் வயது’ என்று ஓர் எண். எனக்கு என் வயதைவிட ஏழு ஆண்டுகள் கூடுதலாக வந்தது. அந்த எண்ணுக்குக் கீழேயே மூன்று திரவங்களும் ஒரு களிம்பும் பரிந்துரையாக அச்சாகி வந்தன; நான்கும் கீழ்த்தளத்துக் கடையில் கிடைக்கும் என்பதும் அதிலேயே இருந்தது. பரிசோதனைக்கு முன் முகத்தைக் கழுவிக்கொள்ள யாரும் சொல்லவில்லை. பவுடரும் முகப்பூச்சும் துணியிலிருந்து ஒட்டிய நூலும்கூடப் புற ஊதா ஒளியில் மிளிரக்கூடியவை. வெயில் தடுப்புக் களிம்பு அந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு கருமையாகத் தெரியும். வியர்வையும் பவுடருமாக வந்து உட்காருகிறவரின் முகத்தில் அந்தப் பெட்டி எதைத்தான் எண்ணுகிறது என்று கேட்டேன். கருவியை இயக்கிய பெண்ணுக்கு அது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கற்றுக்கொடுத்தது பொத்தானை அழுத்துவதும் தாளை எடுத்துக் கொடுப்பதும் மட்டும்தான்.

யாருடைய தோலோடு ஒப்பிட்டு இந்த மதிப்பெண் போடப்படுகிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. தோலின் நிறத்தையும், வெயில் பட்டால் அது சிவக்கிறதா கறுக்கிறதா என்பதையும் கொண்டு ஆறு வகையாகப் பிரிக்கும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் உருவாக்கத் தொடங்கினார். முதலில் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகளே இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர் சேர்ந்தவை. நம் பக்கத்து மக்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறாம் வகையினர். கணினிக்குத் தோல் நோய்களைக் கற்பிக்கப் பயன்படும் பொதுப் படத்தொகுப்புகளை ஆராய்ந்து, 2022-இல் ‘லான்செட் டிஜிட்டல் ஹெல்த்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 21 தொகுப்புகள், 1,06,950 படங்கள். அவற்றில் தோல் வகை குறிக்கப்பட்டிருந்த 2,436 படங்களுள், பழுப்புத் தோல் என்று பதிவானவை 10; கரும்பழுப்பு அல்லது கறுப்பு என்று பதிவானது ஒன்றே ஒன்று. இனம் குறிக்கப்பட்டிருந்த படங்களில் தெற்காசியர் ஒருவரும் இல்லை. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பல்வேறு நிறத்தவரின் 656 படங்களைச் சேர்த்து, பெயர்பெற்ற கணினி நிரல்களை அவற்றின்மேல் ஓட்டிப் பார்த்தனர். கருத்த தோல் என்று வந்தபோது அவற்றின் திறன் சரிந்தது. இதற்கு ஐந்தாண்டு முன்னர், 2017-இல், அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான் 1,29,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல் ஒன்று 21 தோல் மருத்துவர்களுக்கு நிகராகத் தோல் புற்றுநோயை இனங்கண்டது என்ற செய்தி ‘நேச்சர்’ இதழில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. 2017-இன் செய்தியை விளம்பரத் தாள்கள் ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. 2022-இன் செய்தியை அவற்றில் நான் இதுவரை பார்க்கவில்லை.

இந்த மையத்தின் துண்டறிக்கையிலும் ‘அமெரிக்க அரசு அங்கீகரித்த செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம்’ என்று ஒரு வரி உண்டு. எந்தக் கருவி, எதற்கு என்ற விவரம் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 சனவரியில் டெர்மாசென்சர் என்ற கையடக்கக் கருவிக்கு இசைவு அளித்தது உண்மை. அது முகத்தைப் படம் பிடிப்பதன்று. ஐயத்துக்குரிய மச்சத்தின்மேல் முனையை வைத்தால், ஒளியைப் பாய்ச்சி, அது உயிரணுக்களில் பட்டுச் சிதறித் திரும்பும் விதத்தைக் கொண்டு, அந்த இடத்தைத் தோல் நிபுணர் பார்க்க வேண்டுமா என்று குடும்ப மருத்துவருக்குச் சொல்வது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வில், உறுதிசெய்யப்பட்ட 224 தோல் புற்றுகளில் 96 விழுக்காட்டை அது சரியாகக் குறித்தது. இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஆய்வில், தீங்கற்ற புள்ளிகளைத் தீங்கற்றவை என்று அது ஒதுக்கியது ஏறத்தாழ 21 விழுக்காடு மட்டுமே. அதாவது, ஒன்றுமில்லாத நூறு மச்சங்களில் எழுபத்தொன்பதை ‘நிபுணரிடம் காட்டு’ என்றுதான் அது சொல்லும். நிபுணரிடம் அனுப்பலாமா என்று தயங்கும் குடும்ப மருத்துவருக்கு, பெரும்பாலும் எதையும் தவறவிடாத அந்தக் குணம் உதவும். தனக்குத் தானே சோதித்துக்கொள்பவருக்கு அது வீண் பீதியையே தரும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், மருத்துவரின் முடிவுக்குத் துணையாக மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற வரையறையோடும், பல்வேறு தோல் நிறத்தவரிடம் மேலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடும்தான் இசைவு கிடைத்தது. கீழ்த்தளத்தில் திரவப் புட்டி விற்கும் பெட்டிக்கு இந்த அங்கீகாரத்தை எடுத்துப் பூசுவது நேர்மையன்று.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. மேற்கத்திய ஆய்வுகள் பெரும்பாலும் மெலனோமா என்னும் கருநிறப் புற்றைத் தேடிப் போகின்றன. வெளிறிய தோலும் கடும் வெயிலும் சேரும் நாடுகளில் அது உயிரைக் குடிக்கும் நோய் என்பதால் அந்தத் தேடல் நியாயமானதே. நம்மிடம் அந்த நோய் அரிது. வரும்போதும், வெயில் படும் முதுகிலும் முகத்திலும் வராமல், உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. செருப்புக்குள் மறைந்திருக்கும் அந்த இடத்தை எவரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள் குத்திய கறுப்பு என்று விட்டுவிடுவார்கள். ஆகவே முகத்தை மட்டும் படிக்கும் கருவி, கருத்த தோலில் அந்தப் புற்று பெரும்பாலும் வாராத இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எனவே 300 ரூபாய்ப் பரிசோதனைக்கு வருவோம். டெர்மோஸ்கோப் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும். சுற்றிலும் சிறு விளக்குகள். மேல்தோலின் பளபளப்பை முனைவாக்க ஒளி நீக்கிவிடுவதால், அதற்குச் சற்று அடியிலிருக்கும் நிறமியின் அமைப்புக் கண்ணுக்குத் தெரிகிறது. மருத்துவர் என் காலைத் தம் மடியருகே நாற்காலியில் வைக்கச் சொல்லி, ஈரப் பஞ்சால் துடைத்து, லென்சைப் புள்ளியின்மேல் வைத்தார். அவர் பார்த்ததைத் தம் கைப்பேசித் திரையில் எனக்கும் காட்டினார். உள்ளங்கால் தோல், உழுத வயல்போல, மேடும் சாலுமாக இணையாக ஓடுகிறது. மேடுகளின் நடுவே வரிசையாக வெண்புள்ளிகள்; அவை வியர்வைத் துளைகள். என் புள்ளியின் பழுப்பு நிறம் பள்ளங்களில் மட்டும் மெல்லிய கோடுகளாக ஓடியது. மேடுகள் வெறுமையாக இருந்தன. நிறம் பள்ளத்தில் இருந்தால் பொதுவாகத் தீங்கில்லை. மேட்டின்மீது பட்டையாகப் படிந்திருந்தால் புற்றோ என ஐயப்பட வேண்டும். உள்ளங்கால் மச்சங்களை அதிகம் கண்ட ஜப்பானிய மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை வகுத்தளித்தனர். 2004-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மேட்டில் படியும் அமைப்பைக் கொண்டு அந்தப் புற்றை 86 விழுக்காடு கண்டறிய முடிந்தது. புற்றல்லாதவற்றை 99 விழுக்காடு சரியாக விலக்க முடிந்தது. இரண்டு நிமிட வேலை. படத்தைத் தேதியோடு சேமித்து, ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடலாம் என்றார் மருத்துவர். இத்தனைக்கும் அவர் பயன்படுத்தியது செயற்கை நுண்ணறிவு அல்ல. ஒரு லென்சும், அதைப் படிக்கப் பழகிய கண்ணும்தான்.

திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிகளின் பாதங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மரத்தைப் பற்றிப் பற்றிக் காய்த்துப்போன பாதத்தில், காய்ப்புக்குள் கசிந்து உறைந்த இரத்தமும் கரும்புள்ளியாகத்தான் தெரியும். அது உறைந்த இரத்தமா, மச்சமா, வேறெதுவுமா என்று பிரித்தறிய, அறுத்துப் பார்ப்பதற்கு முந்தைய வழி இந்த லென்ஸ்தான்.

இனி அத்தையின் படை. அன்றைய நாளின் பயன் முழுவதும் இதில் இருந்தது. நாள் முழுக்க மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர் அவர். பாவாடை நாடா இறுகும் இடத்தில், வியர்வை காயாமல் இருக்குமிடத்தில், வட்ட வட்டமாகப் படர்தாமரை. மருத்துவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. “இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்கம்மா?” என்று கேட்டார். “மெடிக்கல்ல போயி அரிப்புக்குன்னு கேட்டா ஒரு டியூப்பு குடுப்பான். போட்ட அன்னைக்கே அடங்கிரும், டாக்டரம்மா. விட்டம்னா மறுவாரமே ரெண்டு மடங்கா வந்துரும்” என்றார் அத்தை. அந்தக் குழாயை அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மருத்துவர் அதை வாங்கிப் படித்துவிட்டு எனக்குக் காட்டினார்: பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. மூன்றும் ஒரே களிம்பில்.

ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கிவிடும். அதே வேளையில் தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால், பூஞ்சை தடையின்றிப் பரவும். படர்தாமரைக்கே உரிய வளையத்தின் வரம்பு கலைந்துபோய், பார்த்தவுடன் இனங்காண முடியாத உருவம் எடுக்கும். வலுவான ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் நடுவணரசு அட்டவணை எச்-இல் சேர்த்து ஆணையிட்டது. சிற்றூர்க் கடைகளில் அந்த ஆணைக்கு உள்ள மதிப்பு, அத்தையின் முந்தானை முடிச்சிலேயே தெரிந்தது. இதற்கு நடுவே பூஞ்சையும் மாறிவிட்டது. டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் பெயரிடப்பட்ட இனம், பூஞ்சைக்கு வழக்கமாகத் தரப்படும் டெர்பினஃபைன் மருந்துக்குப் பல வேளைகளில் அடங்குவதில்லை. அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சைக்கே அந்தப் பெயர் முதலில் இடப்பட்டது. 2023-இல் நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டுச் செய்தியானது. நம் நாட்டுக் களிம்புக் குழப்பமும் அதன் பரவலுக்கு ஒரு காரணம் என்பதே தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. 

மருத்துவர் மழுங்கிய கத்தி முனையால் படையின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் விழச் செய்தார். நடுவில் சுரண்டினால் பூஞ்சை கிடைக்காது, ஓரத்தில்தான் உயிரோடு பரவிக்கொண்டிருக்கும் என்றார். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி. அது தோலின் செதிலைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவரைக் கரைக்காது. சிறிது நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். மங்கலான பாசி நிறப் பரப்பில், கிளைவிட்டு, குறுக்குச் சுவர்களோடு ஓடும் மெல்லிய இழைகள். அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினார். “இதுவா என்னைய ஆட்டிவைக்குது?” என்று அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனி களிம்பைத் தொடக் கூடாது என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்காதவர், தம் கண்ணால் கண்ட பிறகு கேட்டார். 150 ரூபாய்ப் பரிசோதனையின் மருத்துவப் பயனுக்கு மேல் இதையும் ஒரு பயனாகக் கொள்கிறேன். இழைகள் தெரிவதால் பூஞ்சை என்பது உறுதியாகும். எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிய, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை, மரபணுச் சோதனை போன்றவை வேண்டும். அந்த வசதி இந்த மையத்தில் இல்லை. அதை மருத்துவரே சொல்லிவிட்டார்.

அத்தையின் முன்கையில் வெளிறிய திட்டு ஒன்றும் இருந்தது. மருத்துவர் அறை விளக்கை அணைத்து, வுட்ஸ் விளக்கை அதன்மேல் காட்டினார். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-இல் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து வந்த இந்தப் புற ஊதா விளக்கு, நூறாண்டு கடந்தும் தோல் மருத்துவர்களின் மேசையில் இருக்கிறது. நிறமி அறவே அற்ற வெண்புள்ளி அதன் ஒளியில் பளீரென்று நீல வெண்மையாகத் தெரியும். சிலவகைத் தேமல் பொன் மஞ்சளாக மிளிரும். அத்தையின் திட்டு இரண்டும் இல்லை. பிறகு மருத்துவர் பஞ்சைத் திரித்து, அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேலும் அதற்கு வெளியிலும் மாறி மாறித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். கழுத்தையும் தடவிப் பார்த்தார். அத்தைக்கு ஏதோ கைவைத்தியம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குப் புரிந்தது, அவர் தொழுநோயைத் தேடினார்.

அந்த நோயின் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். இன்றுவரை அதைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று இந்தியா 2005 இறுதியில் அறிவித்தபின், அது போய்விட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்கள். உணர்ச்சி குன்றிய, வலியில்லாத, அரிக்காத ஒரு தேமல்தான் பல வேளைகளில் தொடக்கம். வலியில்லாததால் எவரும் மருத்துவரிடம் போவதில்லை. பிந்தினால் நரம்பு செத்து விரல்கள் மடங்கும். முந்தினால் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும் கூட்டு மருந்தால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாகும். பிரேசிலின் ஆஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2022-இல், தொழுநோயைப் படங்களிலிருந்து இனங்காணும் செயற்கை நுண்ணறிவு முயற்சி ஒன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ 90 விழுக்காடு துல்லியம் கிடைத்தது. அது வெறும் படத்தால் கிடைத்ததன்று. சூடு, குளிர்ச்சி தெரிகிறதா என்பது போன்ற பரிசோதனை விவரங்களையும் படத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது வந்த துல்லியம் அது. பஞ்சுத் திரி கேட்கும் கேள்வியைக் கணினியும் கேட்டாக வேண்டியிருக்கிறது என்பதே அந்த ஆய்வில் எனக்கு முதன்மையாகப் பட்டது. முகப் பெட்டியில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அத்தை தொட்ட இடங்களையெல்லாம் சரியாகக் காட்டினார். நரம்பும் தடிக்கவில்லை. கையில் தோன்றிய அரிப்புக்கும் அதே களிம்பைப் பூசியிருக்கிறார். ஸ்டீராய்டு நிறத்தை வெளுக்கச் செய்யும், நிறுத்தினால் மெல்லத் திரும்பும் என்று மருத்துவர் விளக்கினார்.

காத்திருக்கும் கூடத்தில், ஆய்வுக்கூடங்களில் உருவாகிவரும் கருவிகளைப் பற்றிய காணொளி ஒன்று ஓயாமல் ஓடுகிறது. லேசரால் தோலுக்குள் கால் மில்லிமீட்டர் ஆழம்வரை உயிரணுக்களையே காட்டும் கன்ஃபோகல் நுண்ணோக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்வரை குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி என்னும் ஒளிவழிப் படக்கருவி, திருவானைக்காவலில் பிறந்த இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு தோலின் வேதியியலைப் படிக்கும் கருவி என்று அடுக்குகிறார்கள். எல்லாம் உண்மை, எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வை அவர்கள் விட்டுவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு அறிவியலாளர்கள், டார்ட்ரசின் என்னும் மஞ்சள் உணவுச் சாயத்தைக் கரைத்து எலியின் தோலில் தேய்த்தபோது, தோல் சற்று நேரம் கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் உறுப்புகளும் இரத்தக் குழாய்களும் தெரிந்தன. கழுவியதும் தோல் பழையபடி ஆனது. சாயம் கரைந்த நீரின் ஒளிவிலகல் எண், தோலின் கொழுப்பு, புரதங்களின் எண்ணுக்கு நெருங்கிவிடுவதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. இனிப்புக் கடைகளில் மஞ்சள் நிறம் தருவதற்கு அனுமதிக்கப்பட்ட சாயங்களில் அதுவும் ஒன்று. மனிதத் தோல் எலியின் தோலைவிடத் தடிமனானது என்பதால், வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டியதில்லை.

குறைகளில் முதன்மையானது ஒப்புதல் படிவம். முகப் பகுப்பாய்வுக்கு முன் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டு பக்கம், முழுவதும் ஆங்கிலம். படங்களை ‘சேவையை மேம்படுத்த’ வெளி நிறுவனத்தோடு பகிரலாம் என்ற வரி இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. 2023-இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு எடுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி இசைவு பெற வேண்டும் என்கிறது. இந்திய மொழிகளில் அதைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அதை யாரும் மறுக்கவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. நம் தோல் நிறத்துப் படங்கள் உலகத் தொகுப்புகளில் இல்லை என்று மேலே எழுதினேன். அவை சேர வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்டுப் பெற்றுச் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

இரண்டாவது குறை, மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம். எங்களோடு அவர் பொறுமையாக இருந்தார். ஆனால் கதவருகே நின்ற ஊழியர் அடுத்த சீட்டை இருமுறை நீட்டிக்காட்டினார். பெட்டிக்குத் தனி அறையும் தனி ஊழியரும் ஒதுக்கிய நிர்வாகம், மருத்துவரின் அறைக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

இதே பரிசோதனைகளுக்கு வேறு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் செதில் சுரண்டிப் பார்ப்பதும் தொழுநோய்ப் பரிசோதனையும் காசில்லாமல் நடக்கின்றன. காலையில் வரிசை நீளம். நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தக் காத்திருப்பும் செலவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) வெட்பாலைத் தைலம் வாங்கிப் பூசுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் டெர்மோஸ்கோப் பரிசோதனைக்கு வருவதில் எந்த முரணும் இல்லை. எதைப் பூசினோம் என்பதை மறைக்காமல் சொன்னால் போதும். தைலப் படிவு தோலின்மேல் இருந்தால் அதைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க முடியும்.

ஆறாத படை, உள்ளங்காலில் அல்லது நகத்தடியில் புதிதாக வந்த கறுப்பு, உணர்ச்சி குன்றிய தேமல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் இந்த மையத்துக்குப் போகலாம். 400, 300, 150 என்ற மூன்று கட்டணங்களுக்கும் நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். வரவேற்பில் “டாக்டரை மட்டும் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. முகப் பகுப்பாய்வை, முகப்பரு சிகிச்சையில் இருப்பவர் மருத்துவர் கேட்டால் மட்டும், முகம் கழுவிய பிறகு செய்துகொள்ளலாம். ‘தோல் வயது’ அச்சிட்ட தாளை வாங்காமல் படங்களை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புகிறார்கள். சனிக்கிழமை மாலை கூட்டம் அதிகம். வார நாளில் காலை பதினொரு மணிக்குள் போவது நல்லது. இதுவரை பூசிய களிம்புகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டிருந்தாலும் குழாயின் முதுகில் மருந்துகளின் பெயர் இருக்கும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.